ரோஜா மணக்கும் புட்டி

குதாயிசியில் மழை.
கடைசி ஆள் போகும்வரை
இருமல் மருந்துகளையே பார்த்திருந்தாள் மக்வாலா.
பிறகு குரலைக் கல்லாவுக்குக் கீழே இறக்கி
"அங்கே" என்றாள். "அரிக்கிறது."

எத்தனை பெண்கள், எல்லோருக்கும் அதன் பெயர் "அங்கே"தான்.

ரோஜா மணக்கும் புட்டியைக் கைகாட்டினாள்.
நான் எடுக்கவில்லை.
ஏற்கெனவே மூன்று சோப்பு, போன வாரம் வினிகர்.
ஊறுகாயா போடுகிறாய் என்றேன்.
சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்.

வெளியே வெறும் தண்ணீர் போதும்.
உள்ளே அதுவே தன்னைக் கழுவிக்கொள்ளும்;
ரியோனி ஆற்றுக்கு யார் சோப்புப் போடுகிறார்கள்?
நைலானை விடு. பருத்தி உடுத்து.
நாளைக்கே டாக்டர் ந்வார்திடம் காட்டு.

ரசீதில் எழுத எதுவுமில்லை.
பாதி விரித்த குடையோடு வாசலில் நின்று
"அப்போ பூ மாதிரி மணக்க வேண்டாமா?" என்கிறாள்,
பகலெல்லாம் பாலத்தடியில்
பூ விற்கிறவள்.