காரணம் என்ற நிரல்

நூற்றியிருபது பக்கச் சீ.ஆர். கொப்பி.
அடிமட்டம் வைத்து நானே கோடு போட்டேன்.
திகதி. பறந்த நேரம். பற்றரி இலக்கம்.
மாற்றிய பாகம். நிறுத்திய நேரம்.
காரணம்.
கடைசி நிரலுக்கு விட்டது இரண்டு விரல் அகலம்.
போதுமென்று நினைத்தேன்.

ட்ரோனில் பிரதாபனுக்கு முக்கால் பங்கு, எனக்குக் கால்.
லீசிங் அவன் பேரில், கொப்பி என் கையில்.
ஆறு விசிறி, பதினாறு லீற்றர் தாங்கி.
முத்தையன்கட்டு இடதுகரையில்
ஏக்கருக்கு ஏழு நிமிடம் மருந்தடித்தோம்.

கிளிநொச்சி வகுப்பில் மூன்று நாளும் சொன்னது இதுதான்:
பென்சிலால் எழுதாதே, ரிப்பெக்ஸ் பூசாதே.
பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டு.
வெட்டினதும் வாசிக்கக்கூடியதாய் இருக்கவேணும்.
பக்கத்தில் கையெழுத்து வை.
பறக்கிற சாமானுக்கு
மறைத்த எழுத்தும் ஒரு கழன்ற ஆணி.

கார்த்திகை ஆறு. மூன்றாம் விசிறி நுனி பிளவு. சோடியாய் மாற்றியது.
ஒன்பது. நொசில் அடைப்பு, தும்பு.
பதினொன்று மழை. பன்னிரண்டு மழை.
பதின்மூன்று, மழை விட்ட நேரம் மயிலொன்று துரத்தியது
என்று எழுதிச் சிரித்து
ஒற்றைக் கோட்டால் வெட்டினேன்.
இன்னும் வாசிக்கலாம்.

பத்தொன்பதாம் திகதி
காலை எட்டு இருபதுக்குக் கிளப்பினேன்.
மூன்று வரம்பு தள்ளிப் புல்லுப் பிடுங்கின புஸ்பமலர்,
என் வயதுக்காரி, முப்பத்தாறு முப்பத்தேழு,
சத்தம் மேலே ஏறினதும்
யாரோ கூப்பிட்டதுபோல் வாய்க்காலுக்குள் இறங்கிக்
குப்புறப் படுத்தாள்.
தண்ணீர் அவள் முதுகைத் தாண்டி ஓடியது.
மற்றப் பெண்டுகள் நிமிர்ந்து
ட்ரோனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

இறக்கினேன்.
ஆறு விசிறியும் நின்று முடிய ஒன்பது செக்கன்.
பிறகு தவளைகள்.
அவளுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது.
எழும்பிப் பாவாடையைப் பிழிந்தாள்.
“அரைநாள் சம்பளம் வெட்டுவியளோ?”
இல்லை என்றேன்.
வண்டு என்ற சொல்லை
அன்றைக்கு ஒருத்தரும் எடுக்கவில்லை.

நிறுத்திய நேரம்: நாற்பது நிமிடம்.
மாற்றிய பாகம்: இல்லை.
காரணம்: சத்தம்.

தையில் லீசிங் மூன்று தவணை பிந்தியது.
விற்பம் என்றான் பிரதாபன்.
கொப்பியைப் புரட்டி வந்தவன் அந்தப் பக்கத்தில் நின்றான்.
“சத்தமெண்டா மோட்டர் பழுதெண்டு நினைப்பாங்கள்.
அம்பதினாயிரம் அடிச்சுக் கேப்பாங்கள்.”
கறுப்பாய்க் கிறுக்கி மேலே எழுதினான்: காற்று.

பத்தொன்பதாம் திகதி காற்றில்லை.
பயிர் நுனி அசையாத காலை அது.
அவன் போனபிறகு
காற்றை ஒற்றைக் கோட்டால் வெட்டினேன்.
இரண்டு விரல் அகலம் முடிந்துபோனது.
சத்தம் என்று ஓரத்தில் நெருக்கி எழுதக்
கையெழுத்து அடுத்த நாளுக்குள் போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டா லொறியோடு வந்தார்,
செட்டிகுளத்தில் உளுந்து போடுகிற ஒருவர்.
தேத்தண்ணி ஆறவிட்டு
முதல் பக்கத்திலிருந்து வாசித்தார்.
மூன்றாம் விசிறிக்கு றிசீற் கேட்டார். குத்தியிருந்தது, காட்டினேன்.
இரண்டாம் பற்றரி இருநூற்றுப்பன்னிரண்டு தரம் ஏற்றியது,
அதற்கு முப்பதினாயிரம் குறைத்தார். நியாயம்தான்.
மயிலுக்குச் சிரித்தார்.
பிறகு விரல் நின்றது.

“எந்த மோட்டர்?”

பிரதாபன் லொறிச் சில்லைப் பார்த்தான்.

“ஆறும்,” என்றேன்.

அவர் ஓரத்தையும் வெட்டையும் கிறுக்கலையும்
திரும்ப ஒருதரம் வாசித்தார்.
நாற்பது நிமிடம் என்பதில் நகத்தை வைத்து எடுத்தார்.
விலையில் அதற்கென்று ஒன்றும் குறைக்கவில்லை.
கொப்பியும் சேர்த்துத்தானே என்று மட்டும் கேட்டார்.

ஏற்ற முன்னம்
ஒருக்கால் கிளப்பிக் காட்டட்டோ என்றான் பிரதாபன்.
அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்:
வேண்டாம் தம்பி. கொப்பி காணும்.