காலி வண்டி

சாத்தாங்காடு எடைமேடையில் எனக்குப் பதினோரு வருஷம்.
வண்டி ஏறும்போதே சொல்லிவிடுவேன்,
முன்டயர் அமுங்குகிற விதத்தில்:
இருபத்தெட்டு டன், கொஞ்சம் கூட.
மெஷின் அப்புறம்தான் ஒத்துக்கொள்ளும்.

தொண்டையில் நிற்பதற்கு மட்டும்
எடை சொல்ல வரவில்லை.

ஆடியில் வந்தது.
முள் என்றேன்.
வஞ்சிரத்தில் ஏது முள் என்றாள் சற்குணம்,
முந்தாநாள் சங்கராவாக இருக்கும்.
சோற்றை உருட்டி மூன்று கவளம் மெல்லாமல் விழுங்கினேன்.
பூவன்பழம் முழுசாக ஒன்று.
எல்லாம் இறங்கியது.
அது இறங்கவில்லை.

பிரியாணி இறங்குகிறது, பரோட்டா இறங்குகிறது,
ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு
பீச் ஸ்டேஷன் எதிரே நின்றபடி தின்கிற
பூண்டு மிதக்கும் அத்தோ இறங்குகிறது.
வெறும் எச்சிலுக்குத்தான் வழியில்லை.
லோடு வண்டியை விட்டுவிட்டுக்
காலி வண்டியை மறிக்கிற செக்போஸ்ட்டை
நான் எந்த ரோட்டிலும் பார்த்ததில்லை.

கம்பெனிப் புகை என்றார் டீக்கடை ஜெபசிங்.
மணலியில் எதற்கும் அதைச் சொல்லலாம்,
பாதி நேரம் சரியாகவும் இருக்கும்.

சித்திரையில் வேலாயுதம் போனான்.
டிரெய்லர் ஓட்டியவன். மேடையில் ஏறினால்
கதவைத் திறந்து எட்டிப் பார்த்து
"என்னையும் சேத்தா போட்ட?" என்று கத்துவான்.
அந்தக் குரல்தான் முதலில் கம்மியது.
பிறகு சோறு நின்றது, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர்.
சட்டை மட்டும் நடந்து வருகிற மாதிரி
கடைசியாக ஒருநாள் மேடையில் வந்து நின்று
கையால் கேட்டான், இப்ப எவ்வளவு?
மனுஷன் எடையெல்லாம் இதில் விழாதுடா என்றேன்.
விழும்.

ஸ்டான்லியில் காது மூக்கு தொண்டைக்கு
எனக்கு முன்னால் நாற்பது பேர்.
மூக்கு மரக்க ஒரு மருந்து,
அதன் வழியே கறுப்பு மண்புழு போல ஒரு கேமரா.
திரையில் என் தொண்டை,
ஈரமாக, இளஞ்சிவப்பாக,
கழுவி விட்ட மீன்கடை மாதிரி.
கட்டி எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா.
அப்போ நான் சொல்றது பொய்யா?
பொய்யில்லை. தசை இறுகுது, இப்படி,
என்று தன் விரல்களை மூடிக் காட்டினார்.

எடை குறைந்ததா, வலி உண்டா,
சோறு சிக்குகிறதா, குரல் மாறியதா?
இல்லை இல்லை இல்லை இல்லை.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை
இருக்கா இல்லையான்னு விழுங்கிப் பாக்கறீங்க?

பதினோரு வருஷத்தில்
நான் கணக்கு வைக்காத சரக்கு அது ஒன்றுதான்.

வீட்டில் சமீபத்தில் யாராவது தவறினார்களா என்றார்.
வீட்டில் யாருமில்லை என்றேன்.
சொல்லும்போதே மேலேறி வந்து நின்றது.

இரவுச் சாப்பாடு எட்டுக்குள். தின்றதும் சாயக்கூடாது,
புளித்த நீர் மேலே வந்து சுடுகிறதாம்.
கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு செங்கல்.
டீ ஏழிலிருந்து மூன்று, ஜெபசிங்குக்குக் கோபம்.
செருமக்கூடாது, செருமச் செரும அதற்குக் கொண்டாட்டம்.
விழுங்கிப் பார்க்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர்.
தோளை இறக்கி, வாய் பிளந்து கொட்டாவி.
சோறு சிக்கினால், குரல் கம்மினால்
அன்றைக்கே வரணும். மற்றபடி
போகும், வரும், போகும். பயப்படாதீங்க.

இரண்டு நாள் பயப்படாமல் இருந்தேன்.
மூன்றாம் நாள் மறுபடி பயந்தேன்.
செங்கல் வைத்த கட்டிலில் சற்குணம்
காலடிக்கு வழுக்கி வழுக்கித் திட்டினாள்.

ஐப்பசி மழை. துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள்
எக்ஸ்பிரஸ் ரோடு நெடுக அசையாமல் கிடந்த மதியம்.
கொட்டாவி ஒன்று, டாக்டருக்காக அல்ல,
தானாகவே வந்தது.
அப்போதுதான் உறைத்தது,
காலையிலிருந்து நான் விழுங்கிப் பார்க்கவே இல்லை.
உடனே விழுங்கிப் பார்த்தேன்.
இருந்தது, சனியன்.
ஆனால் ஓரமாக, வண்டி போக இடம் விட்டு.

மழை விட்டதும் காலி மேடையில் ஏறி நின்று
கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன்.
சிவப்பு எழுத்தில் எழுபது.
அதையும் சேர்த்துத்தான்.