பிளேன்ரீ

நாயெண்டால் பழக்கலாம், பூனை பழகாது
என்றா கிளினிக்கில் இருந்த மிஸ்.
நாய் குரைத்தால் நிக்சலன்
கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.
பதினாறு வயது, ஆறடிக்குக் கிட்ட.
கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டில் இருந்தது ஒரு பூனை.
பாசையூர்ச் சந்தையில் எங்கள் மீன்பெட்டிக்குள் ஏறி
ஆரையும் கேளாமல் வந்தது.
பால் விடாத தேத்தண்ணி நிறம்,
அதாலே பிளேன்ரீ.

ஒரு பேனையோடு தொடங்கினேன்.
தலையை அமத்தினால் டிக்.
டிக் என்றால் நெத்தலிக் கருவாடு, நகமளவு.
டிக், கருவாடு. டிக், கருவாடு.
மூன்றாம் நாள் பாங்கில்
பக்கத்து மேசைக்காரி பேனை அமத்த
என் கை தானாய்ச் சட்டைப்பைக்குள் போனது.

பிறகு ஈர்க்கு.
நுனியை மூக்கால் தொட்டால் டிக்.
ஈர்க்கு போகுமிடம் போனால் டிக்.
கதிரைக்கு, பாய்க்கு, அவனுடைய நீலத் துவாய்க்கு.
மேசையில் ஏறினதுக்கு டிக் இல்லை.
இல்லையென்றாலும் ஏறினது.

மடியில் ஏறப் பழக்குவது லேசு.
ஏறாமல் நிற்கப் பழக்கத்தான் பாடுபட்டேன்.
சொல்லாமல் ஒருவர் தொட்டால்
அவனுக்குத் தோல் சுடும்.
பத்து வருஷமாய் நாங்கள் அதைப்
பிடிவாதம் என்று நினைத்திருந்தோம்.
பிடித்து இழுத்துத் தலை இழுத்துவிட்டோம்,
படத்துக்கு நிற்க வைத்தோம்,
கோயிலில் ஆர் ஆரோ கன்னத்தைக் கிள்ள விட்டோம்.

பூனையே,
துவாயின் கரையில் நில். ஒரு சாண் தள்ளி.
அவன் கையை மலர்த்தி வைத்தால் வா.
வைக்காட்டில் இரு.
இருந்ததுக்கும் டிக்.
சும்மா இருந்ததுக்காக இந்த வீட்டில்
அதுவரை ஆருக்கும் ஒன்றும் கிடைத்ததில்லை.

ஐந்து மாதம்.
நடுவில் ரெண்டு கிழமை ஆளைக் காணவில்லை.
காது கிழிந்து, எல்லாம் மறந்து வந்தது.
திரும்ப முதலாம் வகுப்பு.
"இதுக்கொரு பள்ளிக்கூடமோ" என்று அப்பா சிரித்தார்.
ஆனாலும் கடலால் வந்த களையோடு
நெத்தலியைத் தலை கிள்ளி, உப்புக் குறைத்து,
தானேதான் காயப்போட்டார்.

பெருநாள் இரவு சீனவெடி.
நிக்சலன் ரெண்டு காதிலும் அறைந்துகொண்டு
சுவரோடு சுவராய்.
அம்மா அவனைப் பிடிக்க ஓட
நான் அம்மாவைப் பிடித்தேன்.
துவாயை விரித்தேன். பேனையைக் காணேல்லை.
பிளேன்ரீ அலுமாரிக்கு மேலே,
வால் பனங்கொட்டை போலப் பொங்கி.
அதுக்கும் வெடி பயம்தானே.
ஐந்து மாதத்தில் ஆரும் அதை யோசிக்கவில்லை.

வெடி ஓய்ந்து கனநேரத்துக்குப் பிறகு இறங்கியது,
வயிறு நிலத்தில் முட்ட முட்ட.
கரையில் நின்றது. ஒரு சாண்.
அவன் கை முட்டியாகவே இருந்தது.
அதுவும் இருந்தது.
நான் குசினிக்குள் போய்த் தண்ணி குடித்துத் திரும்ப
ரெண்டும் அப்படியே.
பிறகு எப்போதோ நித்திரையாய்ப் போனேன்.

விடிய,
துவாய் முழுக்கப் பூனை மயிர்.
கை எப்போது மலர்ந்தது, மலர்ந்ததோ என்றுகூட
எனக்குத் தெரியாது.

அம்மா வாசல்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.
நிக்சலன் வந்து ஒரு சாண் தள்ளிக் குந்தினான்.
அம்மா கூப்பிடவில்லை.
தலையைத் தடவவில்லை, சாப்பிட்டியோ என்று கேட்கவில்லை.
செதிள் பறக்கப் பறக்க
வெட்டிக்கொண்டே இருந்தா.

டிக்.

பேனை அவனிடம்தான் இருந்திருக்கிறது.
கழுசான் பையைத் துழாவி
நகமளவு கருவாடொன்றை எடுத்து
அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

அம்மா என்னைப் பார்த்தா.
பிறகு அதை வாயில் போட்டுச் சப்பினா,
மெல்ல, முழுதாக.
பிளேன்ரீ மதிலில் இருந்து
அவவின் வாயையே பார்த்தது,
பங்கு பறிபோன கோபத்தோடு.