ஆளு யாரு

செம்மண்டலம் ஸ்கேன் சென்டரில்
இரண்டு பெஞ்ச்.
கல்யாணம் ஆனவர்கள் ஒன்றில்,
தண்ணீர் குடித்தவர்கள் மற்றதில்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"
டாக்டர் நிமிரவில்லை.
அவர் கேட்டது தாலியைப் பற்றி அல்ல என்பது
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.
கேட்டதற்குப் பதில், இல்லை.
கேட்க நினைத்ததற்குப் பதில்
பதினோரு வருஷம், ஒரே சமையலறை,
ஒரே கொசுவலை.
மங்கையர்க்கரசி என்னைப் பார்த்தாள்.
"இல்ல டாக்டர்."
"அப்ப தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க."

ஒன்றரை லிட்டர்.
தொடையோடு தொடை நெருக்கி
மூத்திரத்தோடு சேர்த்து
பொய்யுமில்லாத நிஜமுமில்லாத ஒன்றை
அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கட்டி பெரிசு. எடுத்துடலாம்.
அப்புறம் காலாகாலத்துல ஒரு கல்யாணம்,
பாதி வலி போயிடும்" என்றார்.
மருந்துச்சீட்டில் மட்டும்
அதை எழுதவில்லை.

ஆபரேஷன் ஃபாரத்தில்
கணவர் அல்லது தகப்பனார்.
ஒருவர் கிடையாது, ஒருவர் உயிரோடில்லை.
"நீங்க யாரு?"
ஃப்ரெண்டு.
"அது செல்லாதும்மா. ரத்த சொந்தம் யாராவது?"
அட்வான்ஸ் கட்டும்போது
கவுன்ட்டரில் நான் அடித்த நாலு இலக்கம்
செல்லுபடியாகித்தான் இருந்தது.

நெய்வேலியிலிருந்து ஞானவேல் வந்தான்.
ஆறு வருஷமாக எங்கள் வாசப்படி மிதிக்காத அண்ணன்.
பேனா கேட்டான். கொடுத்தேன்.
உறவுமுறை என்ற இடத்தில்
யோசிக்காமல் எழுதினான்.

மயக்க மருந்து டாக்டர் வந்து
"ஏதாவது மாத்திரை ஒத்துக்காதா?" என்றார்.
அவன் என்னைப் பார்த்தான்.
சல்ஃபா, என்றேன். உதடு வீங்கும்.
ஒருதரம் ராத்திரி ரெண்டு மணிக்கு
ஆட்டோ கிடைக்காமல்
என் முதுகோடு அவளைத் துப்பட்டாவால் கட்டி
கெடிலம் பாலத்தில் ஸ்கூட்டியை
அதற்குள் அவர்
குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணி நேரம்.
தெற்குக் காற்றில் சிப்காட் வாடை.
அவள் தோடும் மூக்குத்தியும்
என் கைக்குட்டை முடிச்சில்.
ஞானவேல் டீ குடிக்கப் போயிருந்தான்.

கதவிடுக்கில் ஆயாம்மா தலை நீட்டினார்:
"மங்கையர்க்கரசிக்கு ஆளு யாரு?"

ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு அர்த்தம்,
பஸ் ஸ்டாண்டில் வேறொன்று.
நான்தான், என்று எழுந்தேன்
இரண்டுக்கும் சேர்த்து.

"கண்ணு முழிச்சிடுச்சு. தண்ணி தண்ணிங்குது.
குடுத்துடாத.
பஞ்ச நனைச்சு
ஒதட்டுல மட்டும் வையி."