பஸ்ஸில் கூட்டம்

நாற்பத்திரண்டு வயது. தொண்ணூற்றாறு கிலோ.
"பன்னிரண்டு குறைத்துவிட்டு வாருங்கள்,
அப்புறம் ஊசியைப் பற்றிப் பேசலாம்"
என்றாள் டர்பன் டாக்டர், தராசிடம்.

சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் நிற்க இடமில்லை.
பள்ளிச் சீருடையில் ஒரு ஜூலுப் பெண்
என் வயிற்றைப் பார்த்தாள், எழுந்தாள்.
"உட்காருங்கள், மாமா."
அவள் பாஷையில் அது அம்மா.

இல்லையம்மா, இது வெறும் நான்தான்
என்று சொல்லியிருக்க வேண்டும்.
முழங்கால் முந்திக்கொண்டது. உட்கார்ந்தேன்.
கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.
மதியம் தயாளனுக்குத் தெரியாமல் தின்ற
ரொட்டியும் அவரைக் குழம்பும் உள்ளே அசைந்தன.

"எத்தனை?" என்றாள்.
"ஆறு."
மாசம் என்று நான் சொல்லவில்லை.
ஆறு வருஷம். பொய்யில்லை.

இறங்கும்போது கைபிடித்து இறக்கிவிட்டாள்,
உடைகிற சாமானை இறக்குவதுபோல.

வீட்டில் தயாளன் கேட்டார்,
டாக்டர் என்ன சொன்னாள்?
பஸ்ஸில் கூட்டம் என்றேன்.