மேல் போல்ட்

ரேடியேட்டருக்குள் ஏதோ உடைந்து
தண்ணீரும் கியர் எண்ணெயும் கலந்துவிட்டன.
அடைப்பைத் திறந்தால் வடிந்தது ரோஸ்மில்க்,
கலியாண வீட்டில் கொடுப்பார்களே, அதே நிறம்.
"நாலாயிரத்து இருநூறு" என்றான் ஸ்பிரிங்வேல் மெக்கானிக்
எங்களைப் பார்க்காமல் கை துடைத்தபடி.
காரே மூவாயிரம் போகாது.

ஆகவே சனிக்கிழமை,
நோபிள் பார்க்கில் எங்கள் யூனிட்டின் டிரைவ்வேயில்,
ஃபால்கனை நான்கு இரும்புக் கால்களில் ஏற்றினோம்.
சுதர்சன் தள்ளிப் பார்த்தான்.
இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தான்.
"விழுந்தா?"
"விழாது."
"விழுந்தா எண்டு கேட்டனான்."
கழற்றிய சில்லுகள் இரண்டை உருட்டி வந்து
வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டான்.
அதுதான் பதில்.

மூன்றாம் யூனிட் வியட்நாம்காரர்
கியர்ப்பெட்டி தாங்கும் ஜாக்கியைத் தந்தார்,
பியரை வேண்டாமென்றார்,
கயிறு கட்டு, கயிறு கட்டு என்று
காற்றில் கட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

பின்தண்டு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் பூட்ட
என் நகப்பூச்சால் கோடு போட்டோம்.
போல்ட்டுகளைப் போட இட்லித் தட்டு.
குழிக்கொரு கூட்டம். எந்தக் குழி எதற்கென்று
நான் மட்டுமே அறிவேன்.
இனி அதில் இட்லி அவிக்க முடியாது, அதையும்.

கன்வெர்ட்டரின் போல்ட்டுகள்
உள்ளங்கையளவு சாளரத்தில்
ஒவ்வொன்றாகத்தான் முகம் காட்டும்.
முன்னால் அவன் எஞ்சினைக் கையால் சுற்ற
அடியில் நான் மல்லாந்து காத்திருந்தேன்.
"கொஞ்சம்."
"இன்னும் கொஞ்சம்."
"நில். நில் எண்டெல்லோ சொன்னனான்! திருப்பு."
அவனுக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
ஃப்ரிட்ஜில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில் நடக்கிறது குடும்பம்.
அன்று மத்தியானத்துக்குள்
ஒரு மாதத்துக்கான கதை கதைத்துவிட்டோம்,
எல்லாம் போல்ட் பற்றி.

கடைசியாக மிஞ்சியது மேல் போல்ட்.
கியர்ப்பெட்டியின் முதுகுக்கும் தகரத்துக்கும் நடுவே
அவன் கை முழங்கையோடு நின்றுவிட்டது.
என் கை போனது.
கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.
பெட்டியில் கன்னத்தை அழுத்தி,
பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தபடி தேடினேன்:
வயர், குழாய், தூசி, ஒரு யூகலிப்டஸ் இலை,
பிறகு, ஆறு மூலை.

நான்கு நீட்டுக்கம்பிகளைக் கோத்து
வாயில் நான் பிடிக்க, வாலில் அவன் தொங்கினான்.
டக்.
கழன்றதா, தலை முறிந்ததா தெரியாத அரை வினாடி.
அதில் நாலாயிரத்து இருநூறும் இருந்தது,
வாடகையும் இருந்தது.

கழன்றது.

தொண்ணூறு கிலோ மெல்லப் பின்வாங்கி
மூக்கைத் தாழ்த்தியது.
கன்வெர்ட்டர் நழுவப் பார்க்க
அவன் இரு கையாலும் நெஞ்சோடு அணைத்தான்,
அதன் வயிற்றிலிருந்த ரோஸ்மில்க் மிச்சமெல்லாம்
என் தலைமயிரில்.
சிரித்தானென்றால் அடித்திருப்பேன்.
சிரிக்கவில்லை. பிறகு நான்தான் சிரித்தேன்.
கை கழுவப் பொறுமையில்லாமல்
மீட் பையைக் கடதாசியோடு பிடித்துத் தின்றோம்.
வண்டியின் நடுவில் ஒரு பெரிய இல்லாமை,
எஞ்சினின் தட்டை முகம்
முதல்முறையாக வெளிச்சம் பார்த்து நின்றது.

ஞாயிறு காலை பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.
மூன்று தரம் ஷாம்பூ போட்டும் மணம் போகவில்லை.
ஆறாம் அறை ஸ்டெலியோஸ்,
ஃபோர்ட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம்,
இப்போது மகளின் பெயரும் நினைவில் இல்லாதவர்,
ஓட்ஸ் ஊட்டக் குனிந்த என்னை முகர்ந்தார்.
இன்னொரு தரம் முகர்ந்தார்.
மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேல் போல்ட் வந்ததா?"

வந்தது என்றேன்.

"யாருடைய கை போனது?"

கரண்டியை வைத்துவிட்டுக் காட்டினேன்.
முழங்கைவரை கீறல்.
புரட்டி, திருப்பி,
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓட்ஸ் ஆறிப்போனது.