சொல்லாத சூடு

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு.
மடியில் வைத்தே கொண்டுவந்தேன்
நான்கு டிஸ்க்குகளை.
சேலத்தில் பாதி விலை.
சர்வர் கம்பெனியின் முத்திரை மட்டும் இல்லை.

சொருகி மூடியதும்
எஸ்டேட் ஆபீஸே அலறியது.
ஆறு விசிறியும் முழு வேகம்.
மேசையில் சாம்பிள் காப்பிக்கொட்டை
தட்டோடு நடுங்கிற்று.
வெளியே பனிரெண்டு டிகிரி;
மிளகுக்கொடி வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரிகிறது,
அப்புறம் பனி.

"எங்கயாவது எரியுதா?"
ரைட்டர் பெனடிக்ட்
சம்பளப் பதிவேட்டைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

எரியவில்லை.
தொட்டுப் பார்த்தேன்:
குடித்து வைத்த டீ கிளாஸின் சூடுதான்.
ஆனால் இந்தப் பெட்டிக்குப் புரிகிற பாஷையில்
அதைச் சொல்லத் தெரியவில்லை டிஸ்க்குக்கு.
சொல்லாதவனிடம்
தீ இருப்பதாகவே வைத்துக்கொள் என்று
எவனோ எழுதிவைத்திருக்கிறான்
உள்ளே.

விசிறியை அடக்கும் கட்டளை
எனக்குத் தெரியும்.
இருபது சதவீதம் என்று அடித்துவிட்டு
என்டர் மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.
இனி நிஜமாகவே எரிந்தாலும்
இது கத்தாது.

"கடைசி பஸ் எட்டுக்கு"
என்றார் பெனடிக்ட்,
மூன்றாம் முறை,
தொண்டை கிழிய.